யோகா அக்கா போடாத வாக்கு

யோகா அக்கா இறந்துபோன செய்தியை நானே ரைப் செய்தேன். இறந்தது யார் என்று தெரியாமலே செய்தேன்.

பெப்ரவரி மாதத்து வெள்ளிக்கிழமை மத்தியானம். எங்கள் வாரப் பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது, ஊர்ச் சங்கத்தின் தலைப்புத் தாளில் ஒரு கண்ணீர் அஞ்சலி ஃபக்ஸில் வந்தது. அரைப் பக்கம் வேண்டும், சுற்றிவரக் கறுப்புக் கரை வேண்டும், தலைவரின் பெயர் பெரிய எழுத்தில் வேண்டும் என்று மேலே குறிப்பு இருந்தது. 'எமது சங்கத்தின் முன்னாள் அங்கத்தவர் அமரர் சிவஞானம் அவர்களின் அன்பு மனைவியும், செல்வன் ரமணனின் பாசமிகு தாயாரும், எமது சமையற்கூடத்தின் தூணாக விளங்கியவருமான திருமதி சிவஞானம் அவர்கள்' என்று போனது அந்த வாசகம். ரைப் செய்கிறவளின் விரல் யோசிப்பதில்லை. தலைவரின் பெயரைப் பெரிதாக்கியும் விட்டேன். கறுப்புக் கரை போடும்போதுதான் ரமணன் என்ற பெயர் கண்ணில் பட்டது. யோகா அக்காவின் ஒரே ரமணன்.

யோகாம்பிகை என்ற பெயர் அந்த அரைப் பக்கத்தில் எங்கும் இல்லை. பத்திரிகை என்ற சொல் இல்லை. வாக்கு என்ற சொல் இல்லவே இல்லை. சமையற்கூடத்தின் தூணாம்! யோகா அக்கா சுட்ட வடையைத் தின்று உயிரோடு இருக்கிறவர்கள் யாராவது இருந்தால் முன்னுக்கு வரட்டும். அவருக்குச் சோறு வடிக்கவே ஒழுங்காக வராது.

நான் எழுந்து ஆசிரியர் அண்ணையிடம் போனேன்.

“இதை நான் போடமாட்டன்.”

“பிள்ளை, தலைவர் விளம்பரத்தை நிப்பாட்டிப்போடுவார்.”

“நிப்பாட்டட்டும். இல்லாட்டி இந்தக் கிழமைப் பேப்பரை நீங்களே இருந்து கட்டுங்கோ.”

அவருக்குக் கொம்பியூட்டரைத் திறக்கவும் தெரியாது. அந்தக் கிழமை அந்த அரைப் பக்கத்தில் 'யோகாம்பிகை, பத்திரிகையாளர்' என்ற இரண்டு சொற்கள் மட்டும் வந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மிச்சத்தை இந்தக் கிழமை எழுதுகிறேன். அஞ்சலிக் கட்டுரையில் கோபம் வரக்கூடாது என்று சிலர் நினைப்பார்கள். அவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம், அங்கே இராசிபலன் இருக்கிறது.

தலைவர் யார் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. தன் பெயரை அச்சில் பார்ப்பது அவருக்குப் பெரிய சந்தோசம். அந்தச் சந்தோசத்தை இந்தப் பக்கத்தில் நான் அவருக்குக் கொடுக்கமாட்டேன்.

நான் யோகா அக்காவைச் சந்தித்தது ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில். நாட்டை விட்டு வந்த புதிதில் நாங்கள் இருந்த கட்டடத்தில் லிஃப்ற் வேலை செய்த நாளை விட வேலை செய்யாத நாள்தான் அதிகம். ஒருநாள் படிக்கட்டில் ஒரு கட்டுத் தமிழ்ப் பேப்பரைச் சுமந்துகொண்டு ஓர் அம்மா மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார். தூக்க உதவினேன். நன்றி சொல்லவில்லை. “உமக்கு ரைப் பண்ணத் தெரியுமோ?” என்று கேட்டார். ஊரில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவர். இங்கே வார நாட்களில் பாண் சுடும் ஒரு பக்ரறியில் பெட்டி அடுக்கினார். சனி, ஞாயிறில் இந்தப் பத்திரிகைக்கு வந்தார். அப்போது எங்கள் அலுவலகம் பார்லிமென்ற் தெருவில் ஒரு வீடியோக் கடையின் பின்னறை. அரசியலும் தலையங்கமும் ஆண்களுக்கு. மரண அறிவித்தல் பக்கம் யோகா அக்காவுக்கு. ஒரு பெண்ணுக்கு இது போதும் என்று கொடுத்த பக்கம் அது. பேப்பரை வாங்கியதும் எல்லோரும் முதலில் திருப்புவது அந்தப் பக்கத்தைத்தான் என்பது கொடுத்தவர்களுக்குப் பிறகுதான் உறைத்தது.

அந்த மேசையில் அவர் வேலை செய்த விதத்தை ஒரே ஒரு நாளை வைத்துச் சொல்லிவிடலாம். ஒரு பெரியவர், மனைவி இறந்த மூன்றாம் நாள், அறிவித்தல் கொடுக்க வந்திருந்தார். எழுதிக் கொண்டுவந்த தாளில் திருமதி என்று போட்டுத் தன் பெயரை எழுதியிருந்தார். பிறகு அன்னாரின் மகள், இன்னாரின் சகோதரி, இவர்களின் மாமி.

“அவவின்ரை பெயர் என்ன அண்ணை?”

“கனகம்மா.”

“என்ன செய்தவ?”

“வீட்டிலை இருந்தவ.”

“வீட்டிலை இருந்து என்ன செய்தவ?”

அவர் தாளை மடித்து மேசையில் வைத்தார். “நான் கொழும்பிலை வேலை. தோட்டம் முழுக்க அவதான் பாத்தவ. மிளகாய், வெங்காயம், புகையிலை. நான் லீவிலை போய்ச் சும்மா நிண்டு பாப்பன்” என்றார். சொல்லிவிட்டு அழுதார். அந்த அறிவித்தல் 'கனகம்மா, கமக்காரர்' என்றுதான் தொடங்கியது. அந்தப் பெரியவர் அதை வெட்டிச் சட்டம் போட்டு வைத்திருக்கிறார், நான் கண்டிருக்கிறேன். “பிறக்கேக்கை ஒரு பெயர் வைக்கிறம், சாகேக்கை புடுங்கி எடுக்கிறம்” என்று யோகா அக்கா சொல்வார். அப்படிப்பட்டவருடைய பெயரைத்தான் சங்கம் புடுங்கி எடுத்து எனக்கு ஃபக்ஸில் அனுப்பியது.

நீங்கள் இன்னும் மறந்திருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன், அவர் எழுதிய அமெரிக்கப் பெண்களின் தொடரை. நூறு வருடங்களுக்கு முன்பு வாக்குரிமை கேட்டுத் தெருவில் நின்ற பெண்கள், அதற்காகச் சிறைக்குப் போனவர்கள், எந்தப் பேப்பரும் தங்களைப் பற்றி ஒழுங்காக எழுதாதபடியால் தாங்களே பேப்பர் நடத்தியவர்கள். பக்ரறியில் வேலை முடிந்து நூலகத்துக்குப் போய்ப் படித்து எழுதினார். வாசகர்கள் அள்ளி அள்ளிக் கடிதம் போட்டார்கள். ஆண்கள்தான் அதிகம். தலைவர் ஒரு கலைவிழா மேடையிலேயே அந்தத் தொடரைப் புகழ்ந்தார். வெள்ளைக்காரர் தங்கள் பெண்களை எவ்வளவு கொடுமைப்படுத்தியிருக்கிறார்கள் பாருங்கள் என்று உருகினார். முன்வரிசையில் இருந்த நாங்கள் இரண்டு பேரும் கைதட்டினோம். யோகா அக்கா என் காதருகே குனிந்து, “கொஞ்சம் பொறுக்கட்டும்” என்றார்.

கடைசிக் கட்டுரையில் அவர் அமெரிக்காவை விட்டு ரொறன்ரோவுக்கு வந்தார். 'இந்த நாட்டின் பிரதமரைத் தெரிவு செய்ய எனக்கு வாக்கு இருக்கிறது. எங்கள் சங்கத்தின் பொருளாளரைத் தெரிவு செய்ய இல்லை. ஊரில் எங்கள் அம்மாமார் வாக்குப் போட்டவர்கள். நாங்கள் பிளேன் ஏறியபோது அந்த வாக்கை எந்த விமான நிலையத்தில் தவறவிட்டோம்?' என்று தொடங்கியது அது.

சங்கத்தைத் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் ஊர்ச் சங்கத்தில் அங்கத்துவம் ஆளுக்கு இல்லை, குடும்பத்துக்கு. ஒரு குடும்பத்துக்கு ஒரு வாக்கு. அதைப் போடுகிறவர் குடும்பத் தலைவர். குடும்பத் தலைவர் என்றால் யார் என்று யாப்பில், அதாவது சங்கத்தின் விதிகளில், எங்கும் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை. கேட்டால் ஊர் வழக்கம் என்பார்கள். வெள்ளைக்காரப் பெண்களுக்காக உருகியவர்கள் எல்லாம் அந்தக் கிழமை எங்கள் ரெலிபோனை ஓயவிடவில்லை. தொடர் அத்தோடு நின்றது. ஆசிரியர் அண்ணை நிறுத்தினார்.

இது யோகா அக்காவுக்கு வெறும் கொள்கை இல்லை. கணவர் சிவஞானம் அண்ணை மாரடைப்பில் போனபிறகு, அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்ட அழைப்பு அவர்கள் வீட்டுக்கு ரமணனின் பெயரில் வந்தது. குடும்பத் தலைவர் ரமணன்! அப்போதுதான் யூனிவேர்சிற்றிக்குப் போகத் தொடங்கியிருந்தான். ஊரை விட்டு வந்தபோது கைக்குழந்தை. ஊரின் பெயரைச் சொன்னாலே அவன் வாயில் அது வேறு ஊராகிவிடும். அவனுக்கு வாக்கு. அவனைப் பெற்று, பாண் பெட்டி அடுக்கி வளர்த்தவருக்குத் தேத்தண்ணி மேசை.

ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். வழக்கம்போலப் பெண்கள் எல்லோரும் பின்னுக்கு மேசைகளில் பலகாரத் தட்டுகளைத் திறந்துகொண்டிருந்தோம். தெரிவு தொடங்குகிற நேரத்துக்குச் சரியாகத் தேநீர் இடைவேளை வைப்பதும் எங்கள் சங்கத்தின் வழக்கம்தான். யோகா அக்கா மட்டும் முன்வரிசையில் ஆண்களுக்கு நடுவில் போய் இருந்தார். வாக்குத் துண்டு கொடுத்துக்கொண்டு வந்தார்கள். ரமணன் தன் துண்டைத் தாயிடம் நீட்டினான்.

“தம்பி, துண்டு உம்மடை கையிலைதான் இருக்கவேணும்” என்றார் தலைவர் மேடையிலிருந்து.

“அங்கிள், எனக்கு இதிலை ஒண்டும் விளங்கேல்லை. அம்மாக்குத்தான் எல்லாம் தெரியும். ஷீ ஷுட் வோட், நொட் மீ.”

“அப்பிடிச் செய்யேலாது தம்பி. குடும்பத் தலைவர் நீர். எங்கடை ஊர் வழக்கம் அது.”

யோகா அக்கா எழுந்தார். “அண்ணை, நான் இந்தச் சங்கத்துக்கு எத்தினை வருசமா வாறன். எனக்கு ஏன் வாக்கில்லை எண்டு சபையிலை சொல்லுங்கோ.”

தலைவர் சிரித்தார். “தங்கச்சி, முதலிலை எல்லாருக்கும் தேத்தண்ணியைக் குடுங்கோ. பிறகு ஆறுதலாக் கதைப்பம்.”

மண்டபம் சிரித்தது. எங்கள் மேசையிலும் இரண்டு பேர் சிரித்தார்கள், அதுவும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. யோகா அக்கா சிரிப்பு அடங்கும்வரை நின்றார். “தேத்தண்ணி உங்கை பின்னாலை இருக்கு. கால் இருக்கிற ஆக்கள் எழும்பிப் போய் எடுத்துக் குடியுங்கோ. நான் கேட்டதுக்கு மறுமொழி வரட்டும்” என்றார். மறுமொழிக்குப் பதிலாகத் தெரிவு நடந்தது. ரமணன் துண்டைக் கிழித்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு தாயோடு வெளியே வந்தான். நானும் கோப்பையை வைத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் யோகா அக்கா அழவில்லை. “அவர் சிரிச்சதை நான் மறக்கமாட்டன். நீரும் மறக்காதையும்” என்றார். அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் கேட்டு நடந்தேன் என்று சொல்லமாட்டேன். இதைக் கேட்டு நடந்தேன்.

அடுத்த இலையுதிர் காலத்தில் தலைவரின் தாயார் காலமானார். அறிவித்தலைக் கொடுக்கத் தலைவரே நேரில் வந்தார். துக்க வீட்டுக்காரர் என்பதால் யோகா அக்கா எழுந்து கதிரை கொடுத்தார். தாளில் வழமைபோலத் திருமதி என்று போட்டுத் தகப்பனின் பெயர். அதற்குக் கீழே தலைவரின் பெயரும் அவர் வகித்த பதவிகளும் நீளத்துக்கு இருந்தன.

“அம்மாவின்ரை பெயர்?”

“எல்லாருக்கும் தெரியுந்தானே தங்கச்சி.”

“எழுதித் தாங்கோ.”

தெய்வானை என்று எழுதினார்.

“என்ன செய்தவ?”

“என்ன செய்தவவோ? அம்மா அம்மாதான்.”

அவர் போனபின் யோகா அக்கா ரெலிபோனை எடுத்தார். பின்னேரம் முழுவதும் பேசினார். யார் யாரோடு என்று எனக்குத் தெரியாது. நான் பக்கம் கட்டிக்கொண்டிருந்தேன். குடும்பத்தின் அறிவித்தலை ஓர் எழுத்தும் மாற்றாமல் அப்படியே போட்டார். அதற்குக் கீழே, செய்தியாக, தான் எழுதிய நாலைந்து வரிகளையும் போட்டார். எங்கள் ஊர்க் கிராமசபைக்கு வாக்கினால் தெரிவான முதற் பெண் தெய்வானை அம்மா என்றும், ஊர்ப் பெண்கள் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று அவருக்கு வாக்குப் போட்டார்கள் என்றும், கடைசிக் காலத்தில் ஸ்காபரோவில் சங்கக் கூட்டத்துக்குத் தன்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி, அங்கே வாக்குப் போடவேண்டுமென்று கேட்டு, அது நிறைவேறாமல் போனார் என்றும் அந்த வரிகளில் இருந்தது.

தலைவரின் தாயார் கிராமசபையில் இருந்தது ஊரின் மூத்தவர்களுக்குத் தெரியாத விடயமில்லை. ஆனால் அவரைத் தலைவரின் அம்மா என்று சொல்லிச் சொல்லியே எல்லோரும் அதை மறந்துபோனோம். மரணச் சடங்கில் ஒவ்வொரு ஆளாகத் தலைவரின் கையைப் பிடித்து, “உங்கடை அம்மா எவ்வளவு பெரிய மனிசி, எங்கடை வாக்கிலை வந்தவ” என்றார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் தலையாட்ட வேண்டியிருந்தது. ஊர் வழக்கம் என்ற சொல்லை அன்றைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. நான் ஒரு மூலையில் நின்று அந்தத் தலையாட்டலைப் பார்த்தேன். துக்க வீட்டில் சந்தோசப்படுவது பாவம் என்பார்கள். நான் பட்டேன்.

செத்த வீட்டுத் துடக்குக் கழியும்வரையும் பொறுக்காமல் தலைவர் அலுவலகத்துக்கு வந்தார்.

“ஆர் சொன்னது உமக்கு?”

“அதிலை எது பிழை அண்ணை? சொல்லுங்கோ, திருத்தம் போடுறன்.”

“பிழையெண்டு நான் சொல்ல வரேல்லை. கூட்டத்துக்குப் போகவேணுமெண்டு அம்மா கேட்டது என்ரை வீட்டுக்குள்ளை நடந்த கதை. அதை ஆர் உமக்குச் சொன்னது?”

“அப்ப கேட்டவதானே.”

“ஆர் எண்டு கேக்கிறன்!”

“அதை நான் சொல்லமாட்டன்.”

தலைவர் ஆசிரியர் அண்ணையைப் பார்த்தார். ஆசிரியர் அண்ணை சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார். பிறகு, “யோகா, பெயரைச் சொல்லிப்போட்டு அலுவலைப் பாருமன். இல்லாட்டி இந்தப் பக்கத்தை வேறை ஆள்தான் பாக்கவேண்டி வரும்” என்றார். இதை அவர் இன்றைக்கு மறுக்கமாட்டார், பக்கம் கட்டும்போது வாசித்துக் காட்டியிருக்கிறேன். யோகா அக்கா கண்ணாடியைக் கழற்றிக் கூட்டுக்குள் வைத்தார். கோட்டைப் போட்டுக்கொண்டார். வாசலில் நின்று பூட்ஸை இழுத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “வசந்தி, சொன்ன ஆளைக் காட்டிக்குடுத்து ஒரு செய்தியும் எழுதாதையும். பக்கம் போனால் இன்னொரு பக்கம் வரும். அந்த ஆள் இனியும் அந்த வீட்டிலைதான் இருக்கவேணும்.”

அவருக்கு இன்னொரு பக்கம் வரவேயில்லை. அந்த மேசை என்னிடம் வந்தது. சொன்னது யார் என்று எனக்கும் அவர் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

ஆனால் வேலை போன ஆளாக அவர் வீட்டில் இருக்கவில்லை. சனி, ஞாயிறில் வீடு வீடாகப் போனார். பிக்கரிங்கில் புது வீடு வாங்கிப் போனவர்களையும் விடவில்லை, ரெயின் எடுத்துப் போனார். றிச்மண்ட் ஹில் கோயிலில் கும்பிட்டு முடிந்து சப்பாத்துப் போடுகிற இடத்தில் நின்று பெண்களை மறித்துக் கதைத்தார். பெரிய பேச்சொன்றும் இல்லை. “தெய்வானை அம்மாவுக்கு உங்கடை அம்மா போட்டவவோ?” என்றுதான் கேட்பார். அதற்குப் பிறகு அவர்களே கதைப்பார்கள்.

போன ஏப்ரலில் தீர்மானம் சபைக்கு வந்தது. வயது வந்த ஒவ்வோர் அங்கத்தவருக்கும் ஒரு வாக்கு. அன்றைக்குப் பலகாரத் தட்டுகள் மூடியபடியே இருந்தன. பெண்கள் எல்லோரும் கதிரைகளில், அவரவர் புருசன்மாருக்கு நேரே பின்னால் இருந்தோம். கையை உயர்த்திக் காட்டும் வாக்கு. முதுகுக்குப் பின்னால் மனைவி இருக்கும்போது எந்த மனிசன் கையைக் கீழே வைத்திருப்பான்? தீர்மானம் நிறைவேறியது. பெண்கள் கைதட்டினார்கள். சிலர் அழுதார்கள்.

அப்போது தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். நல்ல தீர்மானம், நானே கொண்டுவர நினைத்திருந்தேன் என்றார். ஆனால் ஒரு சிறிய ஒழுங்கு வேண்டும் என்றார். பெண்கள் புதிதாகப் பதிந்து அங்கத்தவராக வேண்டும், பதிந்து ஒரு வருடம் ஆனபின்தான் வாக்கு. அதாவது அடுத்த ஏப்ரல்.

யோகா அக்கா தலையில் சால்வை சுற்றிக்கொண்டு வந்திருந்தார். மருந்தால் தலைமயிர் கொட்டியிருந்தது. அவருக்கு என்ன வருத்தம் என்று அந்த மண்டபத்தில் தெரியாதவர்கள் இல்லை. தலைவருக்கு நன்றாகத் தெரியும். அதற்கு முதற் கிழமைதான் பழங்கள் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

“ஏன் அண்ணை ஒரு வருசம்?”

“முறை எண்டு ஒண்டு இருக்குத்தானே தங்கச்சி. எல்லாம் ஆறுதலா வரும்.”

“எனக்கு ஆறுதலா வர நேரமில்லை அண்ணை. உங்களுக்கு அது தெரியும்.”

தலைவர் தாளைப் புரட்டினார். ஒழுங்குக்கு ஆதரவானவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார். உயர்த்தினார்கள். எதிரானவர்கள் என்று கேட்டார். ரமணன் ஒருவன் உயர்த்தினான். எங்களுக்கு உயர்த்த உரிமையில்லை, எங்கள் வாக்கு அடுத்த ஏப்ரலில்தானே. அந்தக் கோடையில் பூங்காவில் நடந்த ஒன்றுகூடலில் தலைவருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். 'மகளிருக்கு வாக்குரிமை வழங்கிய தலைவர்' என்று அதில் பொறித்திருந்தது. பளபளவென்று நல்ல கேடயம். அவருடைய வீட்டுக் கணப்படுப்புக்கு மேலே இப்போதும் இருக்கிறதாம்.

சிலர் என்னிடம், செத்தவர் போய்விட்டார், பழசை ஏன் கிளறுகிறாய் என்று கேட்கிறார்கள். இது பழசில்லை. நடந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு மனிசி சாகப்போகிறாள் என்று தெரிந்துகொண்டு, பழம் கொண்டுபோய்க் கொடுத்து எவ்வளவு காலம் இருப்பாள் என்று கண்ணால் பார்த்துவிட்டு வந்து, அவளுக்கு எட்டாத தூரத்தில் வாக்குப் பெட்டியைக் கொண்டுபோய் வைத்த வேலை அது. அதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை. யோகா அக்காவும் மன்னிக்கவில்லை. சாகிறவர்கள் எல்லோரையும் மன்னித்துவிட்டுச் சாவார்கள் என்பது எங்கள் பக்கத்தில் நாங்கள் எழுதுகிற பொய்களில் ஒன்று.

ஆஸ்பத்திரியில் அவருடைய புது அங்கத்துவ அட்டை கட்டிலோடு இருக்கும் சாப்பாட்டுத் தட்டில் சாய்ந்து நின்றது. 'யோகாம்பிகை' என்று முழுப் பெயரும் அதில் இருந்தது. யாருடைய மனைவி என்றும் இல்லை. யார் பார்க்க வந்தாலும் எடுத்துக் காட்டுவார். “ஏப்ரல் மட்டும் இழுத்துப் பிடிக்கிறன்” என்பார். தைப்பொங்கலுக்கு நான் போனபோது பேச்சுக் குறைந்துவிட்டது. “அவர் திரும்பவும் கேக்கிறாரோ?” என்று கேட்டார். ஓம், தலைவர் பதவிக்குத் திரும்பவும் நிற்கிறார் என்றேன். அட்டையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். “என்ரை வாக்கு ஒண்டு குறையுது. நீர் பாத்து நிரப்பும்” என்றார். அது எனக்கு அவர் கடைசியாகச் சொன்னது.

மரணச் சடங்கு நடந்த மண்டபத்தில் முதல் மாலை தலைவருடையது. முதற் பேச்சும் அவருடையது. சங்கத்துக்காக யோகா அக்கா ஆற்றிய தொண்டைப் பற்றிப் பேசினார். எழுத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் சுட்டுத் தந்த வடையின் ருசி இன்னும் தன் நாக்கில் நிற்கிறது என்றார். அப்போது ரமணன் எழுந்து போய், பணிவாகத்தான், ஒலிவாங்கியை வாங்கினான்.

“தாங்க்ஸ் அங்கிள். ஆனா அம்மா ஒருநாளும் வடை சுட்டதில்லை. ஷீ வோஸ் அ ஜேர்னலிஸ்ற்.”

செத்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. முன்பு தேத்தண்ணிப் பகிடிக்குச் சிரித்தவர்களே இப்போதும் சிரித்தார்கள், ஆனால் இந்த முறை தலைவர் சிரிக்கவில்லை. பெட்டிக்குள் யோகா அக்கா கண்ணாடியோடு கிடந்தார், ரமணன் போட்டுவிட்டிருந்தான். அந்தச் சிரிப்பு அவருக்குக் கேட்டிருக்கவேண்டும் என்று நான் மிகவும் ஆசைப்பட்டேன்.

இனி நான் எழுதப்போவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். எல்லாம் முடிந்து கோட்டுகள் தொங்கும் இடத்தில் என்னுடையதைத் தேடிக்கொண்டு நின்றபோது, ஒரு பெண் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையுறையை ஒவ்வொரு விரலாகப் போட்டபடி கேட்டார்.

“பிள்ளை, ஏப்ரல் கூட்டத்திலை வாக்கு எப்பிடி? கையை உயர்த்திறதோ, துண்டிலை எழுதிறதோ?”

“தீர்மானத்துக்குத்தான் கை. தெரிவுக்குத் துண்டு. எழுதி, மடிச்சு, பெட்டியிலை போடுறது.”

“பக்கத்திலை நிக்கிற ஆளுக்குத் தெரியவராதோ?”

“ஆருக்கும் தெரியவராது.”

“வடிவாத் தெரியுமோ?”

“ஓம்.”

“அப்ப சரி.” கோட்டின் கடைசிப் பொத்தானையும் பூட்டினார். “ஆர் சொன்னதெண்டு யோகா ஒருத்தருக்கும் சொல்லேல்லை. கடைசி வரைக்கும் சொல்லேல்லை” என்றார். செத்த வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்வதில்லைதானே, சொல்லாமலே போய்த் தன் கணவரின் பக்கத்தில் நின்றுகொண்டார். அந்தக் கணவர் சங்கத்தின் நிர்வாகசபையில் இருக்கிறவர்.

யோகா அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியவை மூன்று. அந்த மேசை என்னிடம் இருக்கிறது. அறிவித்தலோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கிற கேள்வி அவருடையது. மூன்றாவது, வாசலில் பூட்ஸை இழுத்துக்கொண்டு அவர் சொன்னது. அதனால் அந்தப் பெண் யார் என்று நான் எழுதமாட்டேன். நிர்வாகசபையினர் ஒவ்வொருவரும் இந்தப் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, எதிரே இருந்து சோறு போடுகிற மனைவியின் முகத்தை இன்றைக்கு ஒருமுறை நன்றாகப் பார்க்கட்டும். ஏப்ரல் வரும்வரையும் பார்த்துக்கொண்டிருக்கட்டும். தலைவரே, நீங்களும் பாருங்கள்.

அலுவலகத்துக்கு வந்து யார் என்று கேட்பீர்கள். வாருங்கள், கதிரை தருகிறேன். பெயர் மட்டும் தரமாட்டேன்.